முக்குளிப்போர் கால் துடுப்பும் உலர் உடையும்

முக்குளிப்போர் கால் துடுப்பு என்பது நீருக்கடியில் நீந்துவோர் பாதத்தில் மாட்டிக்கொள்ளும் அகன்ற, தட்டையான கருவியாகும். பேச்சு வழக்கில் இதை ஃபின் என்பர். கைகளை வேலைக்கு விட்டுவிட்டுக் கால்களால் மட்டும் முன்னேற இது உதவுகிறது. ஸ்கூபா முக்குளிப்பில் உடல் நனையாமல் காக்கும் உலர் உடை (டிரை சூட்) அணியும்போது, வழக்கமான துடுப்புகள் பல பொருந்துவதில்லை. பாதத்தின் பருமன் கூடிவிடுவது அதற்கு ஒரு காரணம். உடைக்குள் இருக்கும் காற்று காலை நோக்கி ஓடி, முக்குளிப்பவரைத் தலைகீழாக்கிவிடக்கூடும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

தமிழ்நாட்டில் முக்குளிப்பைத் தொழிலாகக் கொண்ட கடற்கரைகளில் முதன்மையானது தூத்துக்குடி. முத்து, சங்கு, துறைமுகப் பணி, பவளப்பாறை ஆய்வு என நான்கு வகையான தேவைகளுக்காக இங்கே மனிதர்கள் கடலடிக்குச் சென்றுள்ளனர். ஒவ்வொன்றிலும் காலில் அணிந்தது வேறுவேறு. அந்த வேறுபாட்டைப் பார்த்தால் துடுப்புத் தேர்வின் அடிப்படை தெளிவாகும்.

குளித்தல் என்னும் சொல்

முத்துக்குளித்தல், சங்குக்குளித்தல் ஆகிய சொற்களில் உள்ள 'குளித்தல்' இன்றைய பொருளில் நீராடுவதைக் குறிப்பதன்று. மூழ்குதல் என்பதே அதன் பொருள். கடலடியில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வாழும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொள்ளாயிரம் பார் இவற்றுள் பெயர்பெற்றது. ஆழத்தைப் 'பாகம்' என்ற அளவால் கூறுவர். கையை விரித்த நீளமே ஒரு பாகம், ஏறத்தாழ 1.8 மீட்டர். பார்கள் பலவும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் உள்ளன. இந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்காகும்.

கல்லும் கயிறும்

பழைய முத்துக்குளிப்பில் கால் துடுப்பு கிடையாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு குளிப்பவர் இறங்குவார். கல்லின் எடை அவரைச் சில நொடிகளில் அடிக்குக் கொண்டுசேர்க்கும். அடியை அடைந்ததும் காலை எடுத்துவிடுவார். படகில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். குளிப்பவர் மூச்சடக்கிச் சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். பிறகு கயிற்றை அசைத்துக் குறிப்புக் கொடுக்க, மேலே இருப்பவர் அவரையும் பையையும் இழுத்தெடுப்பார். கயிறு பிடிப்பவரை மண்டக்கு என்றனர். ஆங்கிலேயர் கால ஆவணங்களிலும் இச்சொல் திரிந்த வடிவில் காணப்படுகிறது.

இறங்கக் கல், ஏறக் கயிறு. காலுக்கு வேலையே இல்லை. ஒரு நிமிட மூச்சில் உயிர்வளியை அதிகம் செலவழிப்பது கால் தசைகள்தாம் என்பதால், இந்த ஏற்பாடு எளிமையானது மட்டுமன்று, மிகவும் கூர்மையானதும்கூட. ஆனால் முழு நம்பிக்கையும் படகில் கயிறு பிடிப்பவர்மேல் இருந்தது. குளிப்பவரின் மச்சானையோ நெருங்கிய உறவினரையோ அந்த இடத்தில் நிறுத்துவது பற்றிக் கடற்கரையில் வழங்கும் பேச்சுகளுக்கு இதுவே அடிப்படை.

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. பார்களில் சிப்பி வளம் மீண்டும் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். முத்துக்காகக் கடலடிக்குச் செல்லும் தேவையே அதன்பின் குறைந்தது. சங்குக்குளிப்பு மட்டும் தொடர்ந்தது.

அலுமினியத் தகடு

சங்கு, பாரின் மேல் கொத்தாக ஒட்டியிருப்பதில்லை. மணற்பாங்கான தரையில் சிதறிக் கிடக்கும். பாதி புதைந்தும் இருக்கும். ஒரே இடத்தில் இறங்கி ஏறினால் கை நிறையாது. தரைக்கு மேலாக நீந்தித் தேட வேண்டும். ஆகவே சங்குக்குளிப்பவர்களுக்குக் கால் துடுப்பு உண்மையாகவே பயன்பட்டது. முகத்துக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, காலில் தகடு என்பது தூத்துக்குடி சங்குக்குளிப்பாளரின் எளிய கருவித் தொகுதி. கடையில் விற்கும் ரப்பர் துடுப்புக்குப் பதிலாக அலுமினியத் தகட்டை வெட்டி, பாதத்தை நுழைக்க வார் பொருத்திக் காலில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு.

இதைப் பணமில்லாதவரின் மாற்று ஏற்பாடு என்று ஒதுக்கிவிடக்கூடாது. அலுமினியத்தின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள தகடு ஒன்று கடல்நீரில் ஏறத்தாழ 190 கிராம் நீரை விலக்கும்; எனவே நீருக்குள் 310 கிராம் எடையுடன் கீழ்நோக்கி இழுக்கும். அதே அரைக் கிலோ எடையில் பாலிபுரொப்பிலின் என்னும் பிளாஸ்டிக்கால் செய்த துடுப்பு, நீரைவிட இலேசானதால் மேல்நோக்கி எழும். தகடு வளையாது என்பதே அதன் குறை. நல்ல துடுப்பின் அலகு உதைக்கும்போது சற்று வளைந்து, திரும்பும்போது நிமிர்ந்து, நீரைப் பின்னுக்குத் தள்ளும். வளையாத தகட்டில் அந்த வேலை கணுக்காலின் மேல் விழுகிறது. குட்டையான தகடாக இருப்பதால்தான் நாள் முழுதும் உதைக்க முடிகிறது.

இன்றைய ரப்பர் துடுப்பின் வரலாறு அதிகம் பழையதன்று. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி து கொர்லியூ 1933இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கரான ஓவன் சர்ச்சில் 1940ஆம் ஆண்டளவில் அதைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1960களில் வந்த ஜெட் ஃபின் என்னும் கனத்த ரப்பர் துடுப்பு, அலகில் துளைகளோடு இன்றும் அதே வடிவில் விற்பனையாகிறது. உலர் உடை அணிவோர் இதை விரும்புவதற்கான காரணம் கீழே வருகிறது.

உலர் உடை

உடலுக்கும் நீருக்கும் இடையே காற்றை அடைத்துவைக்கும் உடையே உலர் உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாத இறுக்கமான ரப்பர் விளிம்புகள் இருக்கும். நெஞ்சில் காற்றை உள்ளே விடும் வால்வும், பெரும்பாலும் இடது மேற்கையில் வெளியேற்றும் வால்வும் இருக்கும். உள்ளே கம்பளி போன்ற வெப்பக் காப்பு ஆடை அணியப்படும். ஈர உடை எனப்படும் வெட் சூட் இதிலிருந்து வேறானது. அதில் நீர் உள்ளே வரும், நியோபிரீன் நுரையே குளிரைத் தடுக்கும்.

உலர் உடையின் மூதாதை 19ஆம் நூற்றாண்டின் தலைக்கவச முக்குளிப்பு உடை. 1830களில் அகஸ்டஸ் சீபே உருவாக்கிய மூடிய உடையில் செம்புத் தலைக்கவசமும் நீர்புகாத் துணியும் இருந்தன. காற்று குழாய் வழியே மேலிருந்து வந்தது. அந்த உடையின் பாதங்களில் துடுப்பு இல்லை. ஈயம் பதித்த காலணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 கிலோ. அவற்றை அணிந்தவர் நீந்தவில்லை, கடலடியில் நடந்தார். காற்று நிறைந்த உடையில் கால் மேலே எழுந்துவிடாமல் தடுக்கவும் அந்த ஈயம் பயன்பட்டது. இன்று உலர் உடைக்குத் துடுப்புத் தேடுபவரும் தீர்க்க முயல்வது அதே சிக்கலைத்தான். ஆனால் அவர் நீந்தவும் வேண்டும்.

கால் மேலெழும் ஆபத்து

உடைக்குள் இருக்கும் காற்று எப்போதும் உயரமான பகுதிக்கே செல்லும். முக்குளிப்பவர் நிமிர்ந்து நின்றால் தோளுக்கு வரும். அங்கே வெளியேற்றும் வால்வு இருப்பதால் கவலையில்லை. படுத்த நிலையில் முதுகெங்கும் பரவும். தலை தாழ்ந்து கால் உயர்ந்தால் காற்று காலுக்குள் பாயும். காலில் வால்வு இல்லை.

ஒரு லிட்டர் காற்று கடல்நீரில் ஏறத்தாழ 1.025 கிலோ மிதப்பு விசையைத் தரும். இரண்டு கால்களிலும் சேர்த்து 2 லிட்டர் காற்று புகுந்தால் 2 கிலோவுக்கு மேற்பட்ட விசை கால்களை மேலே இழுக்கும். அதோடு நிற்பதுமில்லை. 10 மீட்டர் ஆழத்தில் 2 லிட்டராக இருந்த காற்று, மேலே எழ எழ விரிந்து நீர்மட்டத்தில் 4 லிட்டராகும். விரிவதால் இன்னும் வேகமாக எழும், எழுவதால் இன்னும் விரியும். கால் மேலாகத் தலைகீழாய்க் கட்டுப்பாடின்றி மேலெழுவது இப்படித்தான் நிகழ்கிறது. காற்று பாதப் பகுதியை உப்பச் செய்வதால், தளர்வாக மாட்டிய துடுப்பு கழன்றுபோவதும் உண்டு. நிலைமையைச் சரிசெய்ய உதைக்க வேண்டிய தருணத்தில் துடுப்பே இருக்காது. வேகமாக மேலெழுந்தால் நுரையீரல் காயமும், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வரும் அழுத்தக்குறைவு நோயும் ஏற்படலாம்.

கனத்த துடுப்பு போட்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று கூறப்படுவது பாதி உண்மை. ரப்பரின் அடர்த்தியை நீரைப்போல் 1.2 மடங்கு என்று கொண்டால், ஒன்றரைக் கிலோ ரப்பர் துடுப்பு ஏறத்தாழ 1.28 கிலோ கடல்நீரை விலக்கும். நீருக்குள் அதன் எடை சுமார் 220 கிராம் மட்டுமே; இணைக்கு 440 கிராம். 2 லிட்டர் காற்றின் விசைக்கு முன் இது கால்பங்குகூட இல்லை. எனினும் பாதம் உடலின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. தராசுக் கோலின் நுனியில் வைத்த சிறு கல்போல அங்கே வைக்கும் எடைக்குச் சமநிலையை மாற்றும் ஆற்றல் அதிகம். சாதாரணமாகக் காலில் தங்கும் சிறிதளவு காற்றை ஈடுசெய்ய அது போதும். அளவுக்கு மீறிக் காற்று ஏற்றிய உடையை எந்தத் துடுப்பும் காப்பாற்றாது. உடையில் குறைவான காற்றை வைத்திருப்பதும், கால் பகுதி தொளதொளவென்று இல்லாத உடையைத் தெரிவு செய்வதுமே முதல் பாதுகாப்பு. தலைகீழானால் முழங்காலை நெஞ்சோடு சுருட்டி உருண்டு நிமிர்ந்து, தோள் வால்வு வழியே காற்றை விடும் பயிற்சியை ஆழம் குறைந்த நீரில் பலமுறை செய்து பழக வேண்டும்.

தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் பாதப்பை. வெறுங்காலில் செருப்புப்போல் நுழைக்கும் மூடிய குதிகால் துடுப்பு உலர் உடைக்கு உதவாது. குதிகால் திறந்து, பின்னால் வார் உள்ள வகையே வேண்டும். உலர் உடையின் கீழ்நுனியில் தடித்த காலணி ஒட்டியிருக்கும். அல்லது மெல்லிய உறையின் மேல் தனிக் காலணி அணியப்படும். இரண்டுமே ஈர உடைக் காலணியைவிடப் பருமனானவை. ஆகவே ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்தும் துடுப்பின் அளவு இங்கே செல்லாது. உள்ளாடை, காலுறை, உலர் உடை, காலணி அனைத்தையும் அணிந்தபின் மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். பாதம் முன்நுனிவரை நுழைய வேண்டும், ஆனால் விரல்கள் நசுங்கக்கூடாது. பாதப்பை குட்டையாக இருந்தால் குதிகால் வெளியே தொங்கி, உதையின் விசை வீணாகும். பை அகலமாக இருந்தால் பாதம் உள்ளே ஆடும். குளிர்நீரில் இறுக்கம் இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காலை மரத்துப்போகச் செய்யும் என்பதையும் கருத வேண்டும்.

அடுத்தது வார். கொக்கி வைத்த ரப்பர் வார் விலை குறைவு. தடித்த கையுறையோடு அதைச் சரிசெய்வது கடினம். துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில் வார் இங்கே சிறந்தது. நுரைப்பொருள் கொண்ட காலணி ஆழத்தில் அழுந்தி மெலியும்போது வில் தானாகச் சுருங்கி இறுக்கத்தைக் காக்கும். மேலே வரும்போது நீளும். உடையும் கொக்கியும் இல்லை.

அலகின் விறைப்பு மூன்றாவது. உலர் உடை நீரில் அதிகத் தடையை உண்டாக்கும். அதைத் தள்ளிச்செல்ல மென்மையான துடுப்பு போதாது. நடுவில் பிளந்த அலகுள்ள துடுப்பு நேராகச் செல்லும்போது காலுக்கு இதமானது. ஆனால் தவளைபோல் உதைப்பது, பின்னோக்கி நகர்வது, நின்ற இடத்தில் திரும்புவது ஆகியவற்றுக்கு அது கைகொடுக்காது. குட்டையான, அகன்ற, விறைப்பான அலகே இவற்றுக்கு ஏற்றது. கனத்த ரப்பர் துடுப்புகள் உலர் உடை அணிவோரிடம் நிலைத்துவிட்டதற்கு எடை ஒரு காரணம், இந்த விறைப்பு இன்னொன்று. முழங்கால் வலி உள்ளவருக்கு இவை பொருந்தா.

கணுக்காலில் கட்டும் எடைகளும் விற்கப்படுகின்றன. ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையைத் தூக்க வேண்டியிருப்பதால் களைப்பு கூடும், காற்றும் விரைவில் தீரும். புதிதாகப் பழகுபவர் சில நாள் கட்டிப் பின் கழற்றிவிடுவது நல்லது. இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர், காற்று தீரத் தீர இலேசாகி, முக்குளிப்பின் இறுதியில் முதுகுப்புறத்தை மேலே தூக்கும். துடுப்பின் எடையைக் கணக்கிடும்போது நிரம்பிய சிலிண்டரோடு மட்டும் சோதித்தால் தவறான முடிவே கிடைக்கும்.

மன்னார் வளைகுடாவில்

தூத்துக்குடிக் கடல்நீரின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 25 முதல் 31 பாகை செல்சியசுக்குள் இருக்கும். குளிர் காக்க இங்கே உலர் உடை வேண்டியதில்லை. மெல்லிய ஈர உடையோ பருத்திச் சட்டையோ போதும். வெயிலில் படகின் மேல் உலர் உடை அணிந்து காத்திருப்பவருக்கு வெப்ப அயர்வு வருவதே முதல் ஆபத்தாக இருக்கும்.

துறைமுக நீர் வேறு கதை. 1974இல் பெருந்துறைமுகமாகி, 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்ட இத்துறைமுகத்தின் உள்ளே கப்பல்களின் அடிப்புறம், சுழலி, தளமேடைத் தூண்கள் ஆகியவற்றைப் பார்வையிட முக்குளிப்பாளர் தேவைப்படுவர். எந்தத் துறைமுகத்திலும் எண்ணெய்ப் படலம், கழிவுநீர், கலங்கிய வண்டல் ஆகியவை இருக்கும். மாசுபட்ட நீரில் தோலைக் காக்க, தலையுறையும் கையுறையும் இணைந்த, எளிதில் கழுவத்தக்க ரப்பர் உலர் உடையும் முழுமுகக் கவசமும் உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. வெப்ப மண்டலத்தில் உலர் உடைக்கு உள்ள நியாயமான பயன் இதுதான். உள்ளே கம்பளி ஆடை தேவைப்படாததால் உடையில் நிற்கும் காற்று குறைவு, கால் மேலெழும் தொல்லையும் குறைவு. அடியில் நின்று வேலை செய்பவருக்குக் காலணியே போதும். கப்பலின் வயிற்றுக்கடியில் நடுநீரில் மிதந்து பார்ப்பவருக்குத் துடுப்பு வேண்டும். அந்தத் துடுப்பு நீளமாக இருந்தால் வண்டலைக் கிளப்பி, கொஞ்சநஞ்சப் பார்வையையும் மறைத்துவிடும்.

வண்டலைக் கிளப்பாத உதை இன்னொரு வகையிலும் முக்கியமாகிறது. தூத்துக்குடி முதல் மண்டபம் வரை பரவிய 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடற்பகுதி 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வான்தீவு, காசுவார், காரியச்சல்லி ஆகியவை தூத்துக்குடிப் பகுதியைச் சேர்ந்தவை. 1960களில் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள பாறைத்தரையில் தாமே மூழ்கிக் கண்டவற்றைத் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டனர். இன்று தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஸ்கூபா கருவியுடன் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கின்றனர். 2010, 2016 ஆண்டுகளின் வெப்ப மிகுதியால் வெளிறிய பவளங்களுக்கு, கவனமற்ற உதையால் அலகு படுவதும் வண்டல் படிவதும் கூடுதல் காயம். கால்களை மடக்கி, தரைக்கு மேலே தவளை உதையில் செல்வதே இங்கு ஏற்றது.

கம்ப்ரசர் குளிப்பு

சங்குக்குளிப்பில் மூச்சடக்கி இறங்குவோருடன், படகில் உள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்று இறங்குவோரும் உள்ளனர். நீண்ட நேரம் கீழே இருக்கலாம் என்பதே இதன் ஈர்ப்பும் ஆபத்தும். மூச்சடக்கியவர் ஓரிரு நிமிடத்தில் மேலே வந்தே தீர வேண்டும். குழாயில் மூச்சு விடுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 18 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கினால், மேலே வரும் வழியில் நின்று நின்று வர வேண்டும் என்கின்றன முக்குளிப்பு அட்டவணைகள். அட்டவணையும் ஆழமானியும் இன்றி வேலை செய்பவர் மூட்டுவலி, கால் செயலிழப்பு, உயிரிழப்பு வரை செல்லக்கூடும். எரிபொருள் தீர்ந்து கம்ப்ரசர் நின்றாலோ குழாய் மடங்கினாலோ காற்று உடனே நிற்கும்.

அப்போது கையில் இருப்பது கடைசியாக இழுத்த மூச்சும் காலில் உள்ள துடுப்பும் மட்டுமே. துடுப்பில்லாமல் எடைவாருடன் தரையில் நடப்பவர் 15 மீட்டரை நீந்திக் கடப்பது எளிதன்று. எடைவாரை ஒரே இழுப்பில் அவிழ்க்கத் தக்கதாகக் கட்டியிருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கும்; மெல்ல ஊதிக்கொண்டே எழ வேண்டும். வழக்கமான ஏற்றத்துக்கு நிமிடத்துக்கு 9 மீட்டர் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வேகம்.

பராமரிப்பு

கடலிலிருந்து வந்ததும் துடுப்பை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சுருள்வில்லின் இடுக்குகளில் உப்பும் மணலும் தங்கும். துருப்பிடிக்காத எஃகும் அதனால் கெடும். அலகை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தால் சில மாதங்களில் வளைந்துவிடும். படுக்கவைத்தோ வாரைக்கொண்டு தொங்கவிட்டோ நிழலில் உலர்த்துவது நல்லது. உலர் உடையின் கழுத்து, மணிக்கட்டு விளிம்புகள் வெயிலிலும் எண்ணெய்ப் படலத்திலும் விரைவில் பிசுபிசுத்துக் கிழியும். துறைமுக நீரில் பயன்படுத்திய உடையையும் துடுப்பையும் கழற்றுவதற்கு முன்பே, அணிந்தவர்மேல் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும்.